ஒரே நூலுக்கு எத்தனை விலை? நூலகங்கள் பகிர்ந்துகொள்ளாத கொள்முதல் கணக்கு: ஓர் அலசல்

தம்பானூர் (திருவனந்தபுரம்): நாகர்கோவிலில் இருந்து வரும் ரயிலும் பேருந்தும் வந்து நிற்கும் இடம் தம்பானூர். இங்குள்ள மத்திய ரயில் நிலையமும் அரசுப் பேருந்து முனையமும் எதிரெதிரே அமைந்தவை. இங்கிருந்து சிறிது தொலைவில், பாளையம் பகுதியில், 1829ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாநில மத்திய நூலகம் இயங்குகிறது. மலையாளம், ஆங்கிலம், இந்தி நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே உள்ளன. எதிர்த்திசையில் ரயிலேறினால் நாகர்கோவிலில் கன்னியாகுமரி மாவட்ட மைய நூலகம்.

ஒரே தமிழ் நாவல் இவ்விரு நூலகங்களின் அலமாரிகளிலும் இருக்கக்கூடும். அந்த நாவலுக்கு இரு நூலகங்களும் ஒரே தொகையைத்தான் கொடுத்தனவா என்ற கேள்விக்கு எளிதில் விடை காண முடியாது. கொடுத்த தொகை இரு இடங்களிலும் பதிவாகியிருக்கும். ஆனால் ஒரு பதிவேட்டை மற்றொன்றுடன் ஒப்பிடுவதற்கான பொது வடிவம் நடைமுறையில் இல்லை.

நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு ஆகிய விவரங்கள் ஒரு நூலகத்தின் கணினியில் இருந்து இன்னொன்றுக்கு எளிதாகச் செல்கின்றன. 'மார்க் 21' என்னும் பொது வடிவம் அதற்கு வழிசெய்கிறது. காந்திநகரில் உள்ள இன்ப்லிப்நெட் மையத்தின் கூட்டுப் பட்டியலில் தேடினால், ஒரு நூல் எந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளது என்பதை அறியலாம். அதை என்ன கழிவில், எந்தத் திட்ட நிதியில், எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்பதை அறிய இயலாது.

கழிவில் கரையும் நூல்கள்

இது கணக்காளர்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 1989ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டத்தின்கீழ் அமைந்த மாநில நூலக மன்றத்துடன் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இணைந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஊர் மக்களே நடத்தும் சிறு நூலகங்கள். கட்டட வரியுடன் வசூலிக்கப்படும் நூலக வரியும் அரசு மானியமுமே அவற்றின் ஆதாரம். மாவட்ட நூலக மன்றங்கள் நடத்தும் புத்தக விழாக்களிலும், 2023இல் தொடங்கிய சட்டப்பேரவை சர்வதேசப் புத்தக விழாவிலும் இந்நூலகங்களின் நிர்வாகிகள் கடை கடையாக ஏறி இறங்கி நூல்களைத் தேர்வு செய்கின்றனர்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 50 ஆயிரம் ரூபாய் கையில் உள்ள ஒரு நூலகம் 20 விழுக்காடு கழிவில் வாங்கினால், 62,500 ரூபாய் அட்டை விலை கொண்ட நூல்கள் கிடைக்கும். அதே தொகைக்கு 35 விழுக்காடு கழிவு பெற்றால் ஏறத்தாழ 76,900 ரூபாய் மதிப்புள்ள நூல்கள் கிடைக்கும். ஒரு நூலின் விலை சராசரியாக 250 ரூபாய் என்று கொண்டால், வேறுபாடு ஐம்பத்தேழு நூல்கள். சிற்றூர் நூலகத்துக்கு அது ஓர் அலமாரித் தட்டுக்கும் அதிகம். பக்கத்து ஊர் நூலகம் எந்தக் கழிவில் வாங்கியது என்று தெரிந்திருந்தால் அந்த நூல்கள் வந்திருக்கும்; தெரியாததால் வரவில்லை.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் பொது நூலகத் துறை மையமாகக் கொள்முதல் செய்கிறது. பதிப்பாளர்கள் 'நூலக ஆணை' என்று அழைக்கும் இம்முறையில், நூலின் அளவையும் பக்கங்களையும் கொண்டு அரசே விலையை நிர்ணயிப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. அவ்விலை கட்டுப்படியாகவில்லை என்பது பதிப்பாளர்களின் பழைய குறை. கேரளத்துச் சிறு நூலகம் அட்டை விலையில் இருந்து கழித்துக்கொண்டு வருகிறது. தமிழ்நாடு பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போனது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க, இரண்டுக்கும் பொருந்தும் ஒரு பதிவு வடிவம் தேவை.

வெளிநாட்டு நூல்களில் சிக்கல் மேலும் கூடுகிறது. டாலர், பவுண்டு விலையை எந்த மாற்று மதிப்பில் ரூபாயாக்குவது என்பதற்கு, இந்திய நூல் வெளியீட்டாளர்கள், விற்பனையாளர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு சார்ந்த 'குட் ஆபீசஸ் கமிட்டி' வெளியிடும் பட்டியலைப் பல்கலைக்கழக நூலகங்கள் நெடுங்காலம் பின்பற்றி வந்தன. வங்கியின் மதிப்பைக் கோரும் நூலகங்களும் உண்டு. ஆகவே ஒரே பதிப்பு, ஒரே மாதம், ஒரே கழிவு என்று எல்லாம் ஒத்திருந்தாலும் இரு பல்கலைக்கழகங்களின் பட்டியல் தொகை வேறுபடக்கூடும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 'பொருள்கள்' என்பதற்கான வரையறையில் நூலகத்துக்கான நூல்களும் இதழ்களும் சேர்க்கப்படவில்லை. நாற்காலி வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி விதிகள் நூல் வாங்குவதற்கு அப்படியே பொருந்தாது என்பது இதன் பொருள். ஒவ்வொரு நூலும் தனித்தன்மை கொண்டது என்பதால் அந்த விலக்கு நியாயமானதே. எனினும் போட்டி விலை இல்லாத இடத்தில், பிறர் கொடுத்த விலை என்ன என்ற தகவல் ஒன்றே வாங்குபவருக்கு அளவுகோல்.

அமெரிக்காவில் நடந்த முயற்சி

இத்தகைய பொது வடிவத்தை உருவாக்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டின் தேசியத் தகவல் தரநிலை அமைப்பான நைசோ, 'கோர்' என்ற நெறிமுறையை வகுத்தது. நூலகத்தின் கொள்முதல் மென்பொருளில் இருக்கும் விலை, நிதித் தலைப்பு, விற்பனையாளர், பட்டியல் எண், சந்தா தொடங்கும் முடியும் நாட்கள் ஆகியவற்றை, மின்னிதழ்களை நிர்வகிக்கும் மற்றொரு மென்பொருளுக்கு எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்புவதே அதன் பணி. ஓர் இதழுக்குச் செலுத்திய தொகையை அது எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வாசிப்புக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும். எந்தச் சந்தாவை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க அது போதும்.

2009இல் சோதனை வடிவமாக வெளியிடப்பட்ட அந்த நெறிமுறை முழுமையான தரநிலையாக உயரவில்லை. போதிய மென்பொருள் நிறுவனங்கள் அதைத் தங்கள் தயாரிப்பில் சேர்க்காததால், 2010இல் 'பரிந்துரைக்கப்படும் நடைமுறை' என்ற அளவில் அது நின்றுவிட்டது. எழுதி முடித்த தரநிலையும் கேட்பவர் இல்லையென்றால் ஆவணமாகவே தங்கிவிடும்.

விலையைப் பகிராததன் பலன் என்ன என்பதை அதே நாட்டின் வேறொரு ஆய்வு வெளிக்கொணர்ந்தது. பொருளியலாளர்கள் தியோடர் பெர்க்ஸ்ட்ராம், பால் கூரன்ட், பிரஸ்டன் மெக்காஃபி ஆகியோர் தகவல் பெறும் சட்டங்களின் வாயிலாகப் பல்கலைக்கழகங்களின் இதழ் ஒப்பந்தங்களைத் திரட்டினர். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தை வெளியிடுவதைத் தடுக்க எல்செவியர் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2009இல் தீர்ப்பு ஆய்வாளர்களுக்குச் சாதகமாக அமைந்தது. 2014இல் வெளியான அவர்களது முடிவுகளின்படி, அந்நிறுவனத்தின் இதழ்த் தொகுப்புக்கு 2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் 21.6 லட்சம் டாலர் செலுத்தியது. அளவில் அதை ஒத்த விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம் செலுத்தியது 12.2 லட்சம் டாலர்.

ஒரே நாடு ஒரே சந்தா

இந்தியா இச்சிக்கலுக்கு வேறு வழியில் விடை தேடியுள்ளது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13 ஆயிரம் மின்னிதழ்கள் இடம்பெற்றுள்ளன. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6 ஆயிரம் கோடி ரூபாய். அரசு நிர்வகிக்கும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் சுமார் 1.8 கோடிப் பேர் பயன்பெறுவர் என்று அரசு அறிவித்தது. இன்ப்லிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது.

ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய் என்று இதை வகுத்துப் பார்க்கலாம். பேரம் பேச ஒரே ஆள் இருப்பதால் மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற முரண் இங்கே எழாது. ஆனால் அந்த அமைச்சரவை அறிவிப்பில் இருந்தது மொத்தத் தொகை. பதிப்பகவாரியான பிரிவு அதில் இல்லை. இத்திட்டம் வருவதற்கு முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு இதழுக்கும் செலுத்திய தொகை ஒரே வடிவில் தொகுக்கப்பட்டிருந்தால், 6 ஆயிரம் கோடி சிக்கனமா கூடுதலா என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்த்திருக்கலாம். அச்சு நூல்களும் தனியார் கல்லூரிகளும் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தம்பானூரைச் சுற்றியுள்ள ஊர் நூலகங்களுக்கோ இதில் இடமே இல்லை.

விலையா, செலவா?

தொழில்நுட்பம் பெரிய தடை அல்ல. கேரளத்தில் பரவலாகப் பயன்படும் கட்டற்ற நூலக மென்பொருளான கோஹாவில், ஒவ்வொரு பிரதிக்கும் வாங்கிய விலை, மாற்றுப் பிரதி வாங்குவதற்கான விலை என இரு இடங்கள் உள்ளன. நியூசிலாந்தில் பிறந்து 2000ஆம் ஆண்டு முதல் புழங்கிவரும் மென்பொருள் அது. அந்த இடங்களில் வெறும் எண் மட்டுமே பதிவாகும். ரூபாயா டாலரா என்ற குறிப்பு இருக்காது. கழிவுக்கு முந்தையதா பிந்தையதா என்பது பதிவு செய்தவரின் பழக்கத்தைப் பொறுத்தது. மார்க் 21 பதிவிலும் விலைக்கு இடமுண்டு. அது அட்டையில் அச்சிட்ட விலை.

தமிழில் விலை வேறு, செலவு வேறு. நூலின் பின்னட்டையில் இருப்பது விலை. நூலகம் கொடுத்தது செலவு. மொழிபெயர்ப்பில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் கடந்துவிடும் வழக்கம் உண்டு. பதிவேடுகளில் நேர்ந்திருப்பதும் அதே குழப்பம்தான். பொதுத் தரநிலை ஒன்று வருமானால், அட்டை விலை, நாணயம், மாற்று மதிப்பு, கழிவு, நிகரத் தொகை, பட்டியல் நாள், நிதியின் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். கொல்கத்தாவின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை தரும் உதவியில் வந்த நூலையும், சொந்த நிதியில் வாங்கிய நூலையும் பிரித்தறிய அந்தக் கடைசி விவரம் அவசியம். கெட்டி அட்டை, மென் அட்டை வேறுபாட்டுக்கும், ஐஎஸ்பிஎன் எண் இல்லாத பழைய பதிப்புகளுக்கும் தனி விதிகள் தேவைப்படும்.

எதிர்ப்பு விற்பனையாளர்களிடம் இருந்து வரும். அதில் நியாயமும் உண்டு. ஒரு நூலகத்துக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தது வெளியே தெரிந்தால் மறுநாள் அனைவரும் அதையே கேட்பார்கள். பெரிய பதிப்பகம் அதைத் தாங்கும். முந்நூறு பிரதி அச்சிடும் சிறு பதிப்பாளர் தாங்கமாட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 8(1)(டி) பிரிவும் வணிக இரகசியத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் மட்டும் விலக்கு. விற்பனையாளர் பெயரை நீக்கி, ஓராண்டு கழித்து, குறைந்த தொகை, கூடிய தொகை என்று வரம்பாக வெளியிடுவது இரு தரப்புக்கும் ஏற்புடையதாக இருக்கலாம். சிறு நூலகத்தின் பேரத்துக்கு அந்த வரம்பே போதும்.

கோர் தோல்வியுற்ற இடம் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. அங்கே கணக்கைக் கட்டாயமாகக் கேட்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. இங்கே நிலை வேறு: மானியம் வழங்கும் மாநில நூலக மன்றம், மைய ஆணை பிறப்பிக்கும் தமிழ்நாடு பொது நூலகத் துறை, ஒரே சந்தாவை ஒருங்கிணைக்கும் இன்ப்லிப்நெட் என, கணக்கைக் கேட்கும் உரிமை உள்ள அமைப்புகள் மூன்றும் பொது நிதியில் இயங்குபவை. ஒரே சந்தாவின் தற்போதைய காலம் 2027 இறுதியில் நிறைவடைகிறது. புதுப்பிப்புக்கான பேச்சு அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அந்த மேசையில் பதிப்பகங்கள் தங்கள் கணக்குடன் அமரும். வாங்குபவர் தரப்பின் கணக்கு இன்னும் ஆயிரக்கணக்கான கணினிகளில் சிதறிக் கிடக்கிறது.