பொம்மைக் கடையில் என்ன வேலை?

இங்கிலாந்துப் பிரயாணத்தில் ஒரு சிற்றூரில் அரை நாளை மாதிரி ரயில் விற்கும் கடையிலேயே கழித்தேன் என்று சொன்னதும், நண்பர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சார், கடல் தாண்டிப் போனது பொம்மைக் கடைக்குத்தானா? அங்கே கோட்டை இருக்கிறதே, பார்க்கவில்லையா?"

பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கத்தியும் கேடயமும் இருந்தன. முன்னால் 'தொடாதே' என்று பலகை இருந்தது. நான் காவலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு நடக்கவில்லை. இதற்குத்தான் ஊர் பார்த்தது என்று பெயர்.

கடையில் அப்படியில்லை. பத்தடி அகலம் இருக்கலாம். பால்சா மரப் பலகைகள், ஹம்ப்ரால் வர்ணச் சிமிழ்கள், கூரையைத் தொடும் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு என்றால் ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். நம்மில் சிலருக்கு அந்த அளவே சரி என்பது என் சொந்த அபிப்பிராயம். கடைக்காரக் கிழவர் ஓர் என்ஜினை எடுத்து, கேட்காமலே என் கையில் வைத்தார்.

"இந்தத் தண்டவாளம் ஒரு பொய், தெரியுமா?" என்றார்.

அவர் விளக்கியது இது. பிரிட்டனில் பெரும்பாலோர் வைத்திருக்கும் மாதிரி ரயிலில் ஓரடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கு. நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆனால் இருப்பதோ 16.5. நிஜத்தில் ஏழு அங்குலம் குறைகிற கணக்கு! காரணம், பிரிட்டிஷ் ரயில் ஐரோப்பிய ரயிலைவிடக் குறுகிய உடம்புக்காரி. அந்தக் காலத்து மோட்டார் அதன் வயிற்றில் அடங்கவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். பிடிவாதக்காரர்கள் சிலர் இன்றும் 18.83லேயே தாமாகத் தண்டவாளம் போட்டுக்கொள்கிறார்கள். "அவர்களை மடையர்கள் என்பேன், ஆனால் அவர்கள் வந்தால் கடையைச் சீக்கிரம் மூட மாட்டேன்" என்றார் கிழவர்.

எந்த வழிகாட்டிப் புத்தகம் இதைச் சொல்லும்?

சிறுபிள்ளை விளையாட்டு என்கிறவர்கள் ஜப்பானில் ஷிஸுவோகாவுக்குப் போய்ப் பார்க்கட்டும். 1946இல் மரவியாபாரமாகத் தொடங்கிய டாமியா, பிறகு மர மாதிரிகள் செய்து, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. இன்று அவ்வூரில் தபால் பெட்டியொன்றே, பிரித்தெடுக்காத மாதிரித் துண்டுகளின் சட்டம் போல நிற்கிறது. விளையாட்டு என்று சிரித்திருந்தால் அந்த ஊருக்கு நஷ்டம்.

எதிர்க்கட்சியைத் திட்டிவிட்டேன். இனி என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். அரை நாள் கிழவரிடம் பாடம் கேட்டேன். என்ஜினின் விலையையும் கேட்டேன். ஹோட்டல் அறைக்கு வந்து, அதே என்ஜினை இணையத்தில் சில பவுன் குறைவாக வாங்கினேன். கடையில் நான் வாங்கியது ஒரே ஒரு வர்ணச் சிமிழ். அதையும் வெட்கத்துக்காக வாங்கினேன். கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்தேன். திருட்டுக்கு வேறு பெயர் உண்டென்றால் அது இதுதான்.

கடைகள் மூடுவதற்கு இணையம் ஒன்றே காரணம் என்று நான் வாதாடவில்லை. 1946இல் லிவர்பூலில் தோன்றி, இணையத்திலும் பெரிதாக விற்ற ஹட்டன்ஸ் கூட 2024இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. வாடகை, முதுமை, சேருகிற இளைஞர்கள் குறைவு, எல்லாமும் உண்டு. ஆனால் பேச்சைக் கடையில் கேட்டுப் பணத்தை வேறிடத்தில் கொடுக்கிற என்னைப் போன்றவர்களை அந்தப் பட்டியலிலிருந்து தப்பவிட முடியாது. இரண்டாம் முறை போனபோது அங்கே நகப்பூச்சுக் கடை இருந்தது. கிழவரைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர், "சரி, கோட்டைப் படம் இருக்கிறதா?" என்றார். காட்டினேன்.

என்ஜினின் ஒரு சக்கரம் இப்போது உராய்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.