சுவரொட்டியில் யார் முகம்?



சுவர் பேசாது, சுவரில் ஒட்டிய தாள் பேசும். ஆண்டு விழா, இரத்த தான முகாம், திருமண வாழ்த்து, தேர்வில் முதலிடம் பெற்றவர்களுக்குப் பாராட்டு என்று எதற்கும் இன்று ஒரு சுவரொட்டி வேண்டியிருக்கிறது. முன்னாளில் ஓவியர் தூரிகை பிடித்து எழுதினார். அச்சகத்தார் எழுத்துக் கோத்தனர். இன்று அவ்வேலையில் பெரும்பகுதியைக் கணிப்பொறி மென்பொருள் செய்து முடிக்கிறது. இக்கலையை நாம் கற்க வேண்டும் என்பது என் கருத்து. அதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பதும் என் கருத்து.

நிழற்படங்களைத் திருத்தும் மென்பொருள்களுள் பெயர் பெற்றது ஃபோட்டோஷாப். அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கிய இதனை அடோபி நிறுவனம் 1990-ஆம் ஆண்டு வெளியிட்டது. விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்குக் கிம்ப் என்னும் இலவச மென்பொருள் உண்டு. 1995-இல் அதைத் தொடங்கியவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர். மாணவரால் ஆக்க முடிந்ததை மாணவியரால் கற்க முடியாதா, என்ன?

இதன் செயல்முறை எளியது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலப் படம் ஓர் அடுக்கிலும், எழுத்து வேறோர் அடுக்கிலும், பின்னணி மற்றோர் அடுக்கிலும் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது. ஆனால் அச்சுக்கு அனுப்புமுன் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். ஏ3 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், அகலத்தில் 3508 புள்ளிகளும் உயரத்தில் 4961 புள்ளிகளும் தேவை. செல்பேசியில் கை மாறி வந்த சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் கட்டங் கட்டமாகத் தெரியும். தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது வழக்கம். தென்னாசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழை அடித்தால், 'பெண்' என்னும் சொல்லிலுள்ள கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். தமிழை உடைத்து அச்சிட்டுவிட்டுத் தமிழ் விழாவுக்கு அழைப்பது அழகாகுமா?

இவையெல்லாம் கைத்திறன் சார்ந்தவை, பழகினால் வந்துவிடும். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மனம் சார்ந்த ஒன்று.

ஒருமுறை மாணவியர் சிலரைப் பாராட்டி ஒரு சுவரொட்டி அச்சாகி வந்தது. ஆறு பேர் படம். ஆறு முகமும் ஒரே நிறம்! கழுத்து ஒரு நிறமாகவும் முகம் வேறு நிறமாகவும் இருந்தன. அவர்களுள் ஒருத்தியின் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள், அந்தத் தோழி சிரிக்கவில்லை. இரவு பகலாகப் படித்து மதிப்பெண் பெற்றவள் அவள். சுவரில் இருந்ததோ வேறு யாரோ! பாராட்டுவதற்காக ஒட்டிய தாள், "உன் மதிப்பெண் போதும், உன் நிறம் போதாது" என்றல்லவா அவளிடம் சொல்லிற்று?

இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, "அச்சில் கறுத்துவிடும், அதனால்தான் வெளுக்கிறோம்" என்பது. இதில் பாதி உண்மை உண்டு. கணிப்பொறித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. ஆகவே திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் சற்று மங்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு மருந்து, படம் முழுவதன் ஒளியையும் ஒருசேரக் கூட்டி, மாதிரிப் படி ஒன்று எடுத்துப் பார்ப்பது. நம் சீருடையின் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால், முகமும் தன் நிறத்தில் சரியாகவே தெரியும். முகத்தை மட்டும் தனியே வளைத்துப் பிடித்து வெளுப்பது மருந்தன்று; பொய். நிழலில் நின்றவளுக்கு வெளிச்சம் தருவது வேறு, அவள் தோலை மாற்றுவது வேறு.

இரண்டாவது சமாதானம், "அழகாக இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பது. கறுப்பு அழகில்லை என்று யார் தீர்ப்பளித்தது? 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் முன்னாள் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டபோது, காவல்துறை எடுத்த அவர் படத்தை 'டைம்' இதழ் கறுப்பாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் 'நியூஸ்வீக்' இதழ் அதே படத்தை அப்படி மாற்றாமல் வெளியிட்டதால் வேறுபாடு ஊரறியத் தெரிந்தது. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அவரைக் கொடியவராகக் காட்டிவிட்டார்கள் என்று பலர் கண்டித்தனர். அங்கே குற்றவாளியாகக் காட்டக் கறுப்பாக்கினார்கள். இங்கே நல்ல பிள்ளையாகக் காட்ட வெள்ளையாக்குகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே அன்றோ?

பிற நாடுகள் இதை விளையாட்டாகக் கருதவில்லை. விளம்பரப் படத்தில் ஒருவரின் உடல் வடிவத்தையோ, அளவையோ, தோலையோ திருத்தியிருந்தால் அதை அப்படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்னும் சட்டம் நார்வேயில் 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இளம் பிள்ளைகள் பொய் உடல்களைப் பார்த்துத் தம் மெய் உடலை வெறுக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். பள்ளிச் சுவரொட்டி விளம்பரம் அன்றுதான். ஆயினும் நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் ஆறாம் வகுப்புத் தங்கை, மேடை ஏறுகிற அக்காள்மார் எல்லாரும் வெள்ளையாகத்தான் இருப்பார்கள் போலும் என்று எண்ணிவிட்டால், அது யார் குற்றம்?

ஆகவே அருட்சகோதரியரிடமும், ஆசிரியைகளிடமும், பெற்றோரிடமும் நான் பணிவுடன் வேண்டுவன மூன்று. முதலாவதாக, நம் பள்ளிச் சுவரொட்டிகளை மாணவியராகிய நாங்களே வடிவமைக்க, கணிப்பொறி அறையில் வாரம் ஒரு பாடவேளை தாருங்கள். இரண்டாவதாக, அச்சுக்குக் கொடுக்கும்போது, "முகத்தின் நிறத்தை மாற்ற வேண்டாம்" என்று தாளிலேயே எழுதிக் கொடுங்கள். மூன்றாவதாக, படத்தில் இருப்பவளிடம் மாதிரிப் படியைக் காட்டி, அவள் சம்மதம் பெற்ற பின்பே அச்சிடச் சொல்லுங்கள். இவற்றுள் பின்னிரண்டுக்கும் காசு செலவில்லை.

தோழியரே! ஒளியைத் திருத்துவோம், எழுத்தைத் திருத்துவோம், பிழையைத் திருத்துவோம். முகங்களை மட்டும் படைத்தவன் தந்தபடியே விட்டுவிடுவோம். அடுத்த சுவரொட்டியைப் பார்க்கும் பாட்டி, "இது எங்கள் வீட்டுப் பிள்ளை!" என்று விரல் நீட்டிச் சொல்லட்டும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி