கண்ணாடிக் கடலில் படர்ந்த பாசி

திண்டுக்கல் நாகல் நகரில் உள்ள உறவினர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். கூடத்தின் சன்னல் ஓரத்தில் 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுப் பையன் சேமிப்புப் பணத்தில் அமைத்த கடல்நீர்த் தொட்டி அது. கோமாளி மீன்கள் இரண்டு, நீலச் சிறு மீன் ஒன்று, செயற்கைப் பாறைகள் சில. ஆயின் கண்ணில் முதலில் பட்டது மீனன்று. பாறைமேல் தலைமயிர்போல் நீண்டு படர்ந்திருந்த பச்சைப் பாசியே.

"பெரியப்பா, வாரந்தோறும் தண்ணீர் மாற்றுகிறேன். மாற்ற மாற்றப் பாசி கூடுகிறதே!" என்றான் பையன். "எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தொட்டியை விற்றுவிடு" என்பது தந்தையாரின் தீர்ப்பு. தீர்ப்பு வழங்குமுன் வழக்கைச் சற்றே விசாரிக்கலாமே என்று அமர்ந்தேன்.

பாசி வானத்திலிருந்து குதிப்பதில்லை. வெளிச்சமும் உரமும் கிடைத்த இடத்தில் அது முளைக்கும். மீனின் கழிவும், உண்ணாது விடப்பட்ட இரையும் அழுகி அம்மோனியா ஆகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆகவும், பின்னர் நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது தானாக வெளியேறாது, சேர்ந்துகொண்டே போகும். இரையிலுள்ள பாஸ்பேட்டும் அவ்வாறே. வயலுக்கு நாம் இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தொட்டிக்குள் வேறு வேடத்தில் நிற்கின்றன என்று சொன்னால் நம் பக்கத்து விவசாயிகளுக்கு உடனே விளங்கும்.

"நாளொன்றுக்கு எத்தனை முறை இரை போடுகிறாய்?" என்று கேட்டேன். "ஒரே முறைதான்" என்றான். அவ்வேளை பூசையறையிலிருந்து வந்த பாட்டியார், "பாவம், வாயில்லா ஜீவன்கள்" என்றவாறே ஒரு சிட்டிகை தூவிச் சென்றார். தாயாரும் மாலையில் ஒரு சிட்டிகை போடுவதுண்டென்று பிறகு தெரிந்தது. மூவர் அன்பையும் மூன்று சிறு மீன்கள் எப்படித் தாங்கும்?

பையனிடம் நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி இருந்தது. தொட்டி நீரில் நைட்ரேட் 10 என்றே அது காட்டியது. "அளவு சரியாகத்தானே இருக்கிறது?" என்றான். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பாசி தழைத்த தொட்டியில், சத்தைப் பாசியே உறிஞ்சிவிடுகிறது. மிச்சத்தை மட்டுமே கருவி காட்டும். குறைந்த எண் தூய்மைக்குச் சான்றாகாது.

நீர் மாற்றினால் பாசி குறையவேண்டும், இங்கே கூடுகிறது. அப்படியாயின் புதுநீரே ஐயத்திற்குரியது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பைக் கரைக்க அவன் பயன்படுத்தியது வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். உப்பிடாத அந்நீரைச் சோதிக்கச் சொன்னேன். மஞ்சளாய் இருந்த துளி ஐந்து நிமிடத்தில் செக்கச்சிவந்தது. 40-ஐத் தாண்டிய நிறம்.

அப்போதுதான் எனக்கு மீன் மறந்துபோயிற்று. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த பையனின் அக்காள், மூன்று மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கலந்துகொண்டிருந்தாள். "எந்தத் தண்ணீர் அம்மா?" என்றேன். "குழாய்த் தண்ணீர் தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் நன்றாகக் கொதிக்க வைத்துவிடுகிறேன், பெரியப்பா" என்றாள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாவதால் எஞ்சியதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நம் நாட்டுக் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டை வரம்பாக வைத்துள்ளது. ஆறு மாதத்திற்குட்பட்ட புட்டிப்பால் குழந்தைகளே இதனால் பெரிதும் தாக்கப்படுவோர். வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட் ஆகி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாயும். உரமிட்ட வயல்களும், கழிவுநீர்க் குழிகளும், மாட்டுத் தொழுவங்களும் அருகிலிருக்கும் கிணறுகளில் இத்தொல்லை நேரலாம். நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது.

மீன்தொட்டிப் பெட்டி மருத்துவச் சான்றன்று. எனவே குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டினார்கள், நலமாகவே இருந்தது. கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார்கள்; வரம்புக்கு மேல் என்றே அறிக்கை வந்தது. பால் கலக்கக் கிணற்று நீர் அத்துடன் நின்றது.

தொட்டிக்கு வருவோம். எதிர்ச்சவ்வூடு பரவல் வடிகட்டியின் நீரிலேயே இனி உப்புக் கரைக்கவேண்டும். வீட்டுக் கருவிகள் சிலவற்றில் சுவைக்காக மூலநீரைச் சிறிது கலந்துவிடும் திருகு உண்டு; அதை மூடாவிட்டால் பயனில்லை. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லா நல்ல நீரையே ஊற்றவேண்டும். பாசியைக் கையால் பறித்து வெளியே எறிவது மிக நன்று. அது குடித்த சத்தும் அதனோடு போய்விடும். பாசிக்கொல்லி மருந்து வேண்டவே வேண்டாம். செத்த பாசி அழுகித் தின்ற சத்தையெல்லாம் திருப்பிக் கக்கும், உயிர்வளியும் குறையும். தொட்டியைச் சன்னலிலிருந்து நகர்த்தி, விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தச் சொன்னேன். சத்தை அடியோடு பூச்சியமாக்க முனைவதும் தவறே. அப்போது வேறுவகை வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் வந்து குடியேறுவதுண்டு.

"பாறையில் உயிர்ப்பவளம் வைத்தால் அழகாயிருக்குமே" என்று பையன் ஆசைப்பட்டான். கல்பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டியெடுத்த கொடுமை போதாதா? சத்து மிகுந்தால் பெருங்கடலும் இத்தொட்டியின் கதிக்கே ஆளாகும். ஹவாய்த் தீவுகளின் கானியோகி விரிகுடாவில் சாக்கடை விட்டபோது குமிழ்ப்பாசி பவளத்தை மூடிற்று. 1977-78-இல் சாக்கடையை வேறிடம் திருப்பிய பின்னரே அது தணியத் தொடங்கியது.

ஆறு வாரம் கழித்து மீண்டும் சென்றேன். பாறையின் ஓரத்தில் இன்னும் சிறிது பச்சை இருந்தது. இரைக் குப்பியைப் பையன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தான், சாவி பாட்டியிடம்.