புயலை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ராமேஸ்வரத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. முன்பணமும் கொடுத்தாயிற்று. சமயநல்லூரிலிருந்து விடிகாலையில் கிளம்பிவிட்டோம்.

தரிசனம் முடிந்ததும் பேரன் பிடிவாதம் பிடித்தான். "தாத்தா, தனுஷ்கோடில அலை ரோட்டுக்கு மேல அடிக்குதாம். வீடியோ வந்திருக்கு, பாருங்க."

போனோம். வழியில் தடுப்புப் போட்டு மறித்தார்கள். மாப்பிள்ளை, "திரும்பிரலாம் மாமா" என்றார். நான்தான் இறங்கிப் போய், "வந்தது வந்துட்டோம் தம்பி, வேன்லயே இருந்து பாத்துட்டு வந்துர்றோம்" என்று கேட்டேன். அந்தக் காவலர் சொன்னார்: "ஐயா, பெரியவங்க நீங்களே இப்படிக் கேட்டா, பைக்ல வர்ற பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அள்ளிக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரே அழிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. நம் வயதுக்காரர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. வீட்டில் பெரியவர்கள் பதறிப் பேசிக் கேட்டது. அந்த ரயிலில் போனவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கையில் செல்போனும் இல்லை, மணிக்கொரு எச்சரிக்கையும் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது. இருந்தும் போகிறோம்.

"மீனவங்க கடலுக்குப் போறாங்களே" என்பார்கள். கூண்டு ஏறினால் மீன்வளத்துறை அனுமதிச் சீட்டே தராது. படகுகள் கரையில்தான் நிற்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். இரும்பு ரயிலுக்கு இல்லாத தைரியம் வாடகை வேனுக்கு எங்கிருந்து வந்தது?

2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல். தண்ணீர் ஏறினால் ஓடித் தப்ப வேறு வழி கிடையாது.

"வானம் தெளிவாத்தானே இருக்கு" என்றும் சொல்ல வேண்டாம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் அலையில் போனார்கள். அங்கே புயல் இல்லை. எங்கோ தூரத்துக் கடலில் எழும்பிய அலை நம் கரைக்கு வந்து சேர்வதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டிருந்த நாட்கள் அவை. கண்ணால் பார்த்துக் கடலைக் கணிக்க நம்மால் ஆகாது. வைகையில் வெள்ளம் வந்தால் யானைக்கல்லில் நின்று எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கடல் அப்படி அல்ல.

இன்னொன்று. நாம் மாட்டிக்கொண்டால் நம்மைத் தூக்க இறங்குகிறவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

சின்னவர்களைத் திட்டிப் பயனில்லை. வேனை நிறுத்தச் சொல்லும் உரிமை வீட்டில் பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. முன்பணம் போனால் போகட்டும். தை பிறந்தபின் போங்கள். ராமநாதசுவாமி அங்கேயேதான் இருப்பார்.