பாட்டி எங்கே பிறந்தார்? ஹரிமாவ் மலாயா ஆவணச் சர்ச்சை பேராக் தமிழர்களுக்கு ஏன் வேறு மாதிரி வலிக்கிறது

2025 ஜூன் 10. புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா 4, வியட்நாம் 0. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இப்படியொரு வெற்றியைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்று அன்றிரவு ஈப்போ மாமாக் கடைகளில் பேசாத மேசை இருந்திருக்காது. முதல் இரண்டு கோலையும் அடித்தவர்கள் ஜோவாவ் ஃபிகெரேடோ, ரொட்ரிகோ ஹோல்காடோ. இருவருமே அணிக்குப் புதியவர்கள். "யாருப்பா இவங்க, எங்கிருந்து வந்தாங்க?" என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வியை, அடுத்த சில மாதங்களில் ஃபிஃபா சிரிக்காமல் கேட்டது.

செப்டம்பர் 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தலா 2,000 ஃபிராங்க் அபராதம், 12 மாதத் தடை. குற்றம்: ஆவணங்களைத் திரித்தது. நவம்பர் 3ஆம் தேதி ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதி செய்தது. அதன் பிறகு மிச்சமிருந்தது சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் மட்டும்தான்.

இதுவரை நீங்கள் படித்திருப்பீர்கள். ரசிகர்கள் எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள், அதில் எது நியாயம், எது வெறும் ஆவேசம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பேராக்கில் பால்மரத் தோட்டத்து வேர் உள்ள குடும்பம் உங்களுடையது என்றால், இந்தக் கதையின் நடுவில் இருக்கும் காகிதம் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுதான் விஷயமே.

குடியுரிமை வேறு, தகுதி வேறு

பெரும்பாலான வாக்குவாதம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஒருவர் மலேசியக் குடிமகனா என்பதை முடிவு செய்வது மலேசியச் சட்டம். அவர் மலேசியாவுக்காக ஆடலாமா என்பதை முடிவு செய்வது ஃபிஃபாவின் விதி. பாஸ்போர்ட் கையில் இருந்தால் மட்டும் போதாது.

புதிதாகக் குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர் நான்கில் ஒரு நிபந்தனையைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்கிறது ஃபிஃபா. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்ற தாயோ தந்தையோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், 18 வயதுக்கு மேல் வந்தவர் குறைந்தது 5 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

கேம்பியாவில் பிறந்த முகமது சுமாரே இங்கேயே வாழ்ந்து, இங்கேயே ஆடி, 2018இல் தேசிய அணிக்குள் வந்தார். 2021இல் பேராக் அணிக்கு ஆடிய பிரேசில்காரர் குல்ஹெர்மே டி பவுலாவும் வசிப்பிட வழியில்தான் தேசிய அணிக்குப் போனார். சிட்னியில் பிறந்த பிரெண்டன் கானுக்கு அப்பா வழி உறவு. 2018இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தவர் அவர். இவர்களை "வெளிநாட்டுக்காரன்" என்று திட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் காகிதத்தில் பொய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

இந்த ஏழு பேருக்கு வசிப்பிட வழி இல்லை. அப்பா, அம்மா வழியும் இல்லை. எஞ்சியது தாத்தா, பாட்டி. சங்கம் கொடுத்த ஆவணங்களின்படி அந்தத் தாத்தா பாட்டிகள் பினாங்கு, மலாக்கா, ஜொகூர், கூச்சிங் என்று நம் ஊர்களில் பிறந்தவர்கள். ஃபிஃபா நேரடியாக அந்தந்த நாடுகளில் தேடி எடுத்த பத்திரங்களின்படி அவர்கள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. இது நிர்வாகத் தரப்பில் நடந்த தொழில்நுட்பத் தவறு, ஆட்டக்காரர்களுக்கு இதில் பங்கில்லை என்பது சங்கத்தின் வாதம். ஏழு பேருக்கும் ஒரே மாதிரித் தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு இன்னும் நம்பும்படியான விளக்கம் வரவில்லை.

"எல்லா நாடும்தானே செய்யுது?"

ரசிகர்களின் முதல் தற்காப்பு இது. பாதி உண்மை. இந்தோனேசியா டச்சு வம்சாவளி ஆட்டக்காரர்களை வைத்து உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நான்காம் கட்டம் வரை போனது. வியட்நாமுக்கு 2024 ஆசியான் வெற்றியாளர் பட்டத்தைத் தந்த நுயென் சுவான் சோன் பிரேசிலில் பிறந்தவர். பல ஆண்டுகள் வியட்நாமில் ஆடி வசிப்பிட வழியில் வந்தவர்.

பேஸ்பாலில் இது இன்னும் தாராளம். உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மைக் பியாஸா 2006இல் இத்தாலிக்கு ஆடினார். 2023இல் லார்ஸ் நூட்பார் ஜப்பானுக்கு ஆடியது, அவர் அம்மா ஜப்பானில் பிறந்தவர் என்பதால். ஜப்பான் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ரத்த உறவு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு விளையாட்டும் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. கோடு எங்கே இருக்க வேண்டும் என்று நாம் நாள் முழுக்கச் சண்டை போடலாம். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே நிற்பதாகப் பத்திரம் காட்டுவது வேறு வகை. "எல்லாரும்" அதைச் செய்யவில்லை.

செய்த ஒரு நாடு நமக்குத் தெரிந்ததுதான். 2015 ஜூனில் இதே புக்கிட் ஜாலிலில் திமோர் லெஸ்தே நம்மை 1-1 என்று சமன் செய்தது. அப்போது அந்த அணியில் பிரேசில்காரர்கள் நிறைய. பிறகு விசாரணையில் 12 பேர் தகுதியற்றவர்கள் என்று முடிவாகி, 2017இல் ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் அந்நாட்டை 2023 ஆசியக் கிண்ணத்திலிருந்தே விலக்கியது. அன்று நாமெல்லாம் "இதெல்லாம் ஒரு அணியா" என்று கேலி பேசியவர்கள். இன்று அதே கேலி வேறு மொழிகளில் நம் பக்கம் வருகிறது.

பதிவிலாகாவின் அந்த ஒரு வரி

ஃபிஃபா அக்டோபரில் வெளியிட்ட முழுத் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு பகுதி உண்டு. தாத்தா பாட்டிகளின் கையால் எழுதப்பட்ட மூலப் பிறப்புப் பதிவு தேசியப் பதிவிலாகாவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலைத் தகவல்களையும் துணை ஆவணங்களையும் வைத்தே பிரதி வழங்கப்பட்டது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. குடியுரிமை வழங்கியது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின் கீழ், அமைச்சரின் விருப்புரிமை அதிகாரத்துக்கு உட்பட்டு, சட்டப்படியே நடந்தது என்று உள்துறை அமைச்சு நாடாளுமன்றத்தில் விளக்கியது. சாதாரணமாக அந்தப் பிரிவு, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது.

சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ தெலுக் இந்தானிலோ சிவப்பு ஐசியோடு ஒரு பாட்டியை நீங்கள் அறிந்திருந்தால், மேலே உள்ள பத்தியை இன்னொரு முறை படிப்பீர்கள்.

எப்படி வந்தது இந்தச் சிவப்பு ஐசி? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாம் இன்று பையில் வைத்திருக்கும் அடையாள அட்டை முறையே ஒருவகையில் பேராக் தோட்டத்தில் தொடங்கியது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டம் உட்பட இரண்டு தோட்டங்களில், மூன்று ஆங்கிலேயத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு 12 வயதைக் கடந்த எல்லோரையும் பதிவு செய்து, கைரேகை எடுத்து, அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த அட்டை பாதுகாப்புக்காக வந்தது. குடியுரிமைக்கு அது சான்று இல்லை. லயத்தில் இருந்த நம் ஆட்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் உட்கார வைத்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

1957இல் சுதந்திரம் வந்தபோது சட்டம் ஒரு கதவைத் திறந்தது. சுதந்திர நாளிலும் அதற்குப் பின்னும் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் (1962 அக்டோபர் முதல் இதற்கும் நிபந்தனை வந்தது). அதற்கு முன்பு இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழிச் சோதனைகூட இல்லை. ஆனால் விண்ணப்பிக்க நகரத்துக்குப் போகணும், ஒருநாள் கூலி போகும், பாரம் நிரப்பத் தெரிந்த கிராணி மனசு வைக்கணும். பிறப்பு எங்கே பதிவானது என்றே தெரியாதவர்கள் ஏராளம். மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு நாள், நட்சத்திரம் நினைவிருக்கும், பத்திரம் இருக்காது.

விளைவு 1969க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலானபோது பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் பிறந்ததே இங்கேதான். தங்கியவர்களில் ஒரு பகுதியினர் நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டையோடு வயதானார்கள். பச்சை அட்டைக்காரர்கள் நிலை அதைவிட மோசம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. தோட்ட ஆபீஸ் மூடும்போது அதன் ரிஜிஸ்டர் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இது பழைய கதை மட்டுமில்லை. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நல்ல செய்தி. அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே தானாகக் குடியுரிமை கிடைக்கும் என்ற வழி நீக்கப்பட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்களை இது பாதிக்கும் என்று அப்போதே எச்சரிக்கை எழுந்தது.

இப்போது மாமாக் கடை மேசைக்குத் திரும்புவோம். தமிழ் ரசிகர்களின் கோபம் ஏன் கொஞ்சம் வேறு சுருதியில் இருக்கிறது என்று புரியும். வேறு தேசத்தில் பிறந்த பாட்டியைப் பினாங்கில் பிறந்ததாக ஒரு காகிதம் சொல்கிறது. பேராக்கில் பிறந்த பாட்டியிடம் அதே காகிதத்தைக் கேட்டு அறுபது வருடம் அலைய விட்டார்கள். இந்த ஒப்பீடு சட்டப்படி முழுசாகப் பொருந்தாது என்று வழக்கறிஞர்கள் சொல்லலாம். ஒன்று விளையாட்டுத் தகுதி, மற்றது குடியுரிமை. ஆனால் இரண்டிலும் மூலப் பதிவு கிடைக்காதபோது அலுவலகம் யாருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிறது என்ற கேள்வி ஒன்றுதான். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நம்ம பசங்களுக்கு இடம்?

இன்னொரு கோபமும் இருக்கிறது. அதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. "வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவதால்தான் நம்ம பசங்க மேலே வர முடியல." ஆர். ஆறுமுகம் கோல் கம்பத்தில் நிற்க, சந்தோக் சிங் தற்காப்பில் நிற்க, 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி நினைவுக்கு வரும். (புறக்கணிப்பால் போகவில்லை. 'ஓலா போலா' படம் பார்த்திருப்பீர்கள்.) ஆனால் தமிழ் இளைஞர்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது இந்த ஏழு பேர் வருவதற்குப் பல காலம் முன்பே. தோட்டம் போனபோது தோட்டத்துத் திடலும் போனது. மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2017இல் பிரீமியர் லீக் வரை ஏறி, பெயர் மாறி பிஜே சிட்டியாகி, 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக் ஆடி, அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டே வெளியேறியது.

பேராக்கின் நிலை? எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற அணி, 2025-26 பருவத்தின் சூப்பர் லீக்கிலிருந்து பணப் பிரச்சினையால் விலகியது. ஈப்போவில் ஒரு 15 வயதுப் பையன் நன்றாக ஆடினால், அவன் அண்ணாந்து பார்க்கச் சொந்த மாநிலத்தின் முதல்நிலை அணி அந்தப் பருவத்தில் இல்லை. ஏழு அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின் ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டாலும் அது திரும்பி வராது.

அடுத்து என்ன?

ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா இருந்த எஃப் பிரிவிலிருந்து ஒரே ஓர் அணிதான் 2027 சவூதி அரேபியாவுக்குப் போக முடியும். வியட்நாமுடனான மறு ஆட்டம் 2026 மார்ச் 31ஆம் தேதிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் கவனிக்க வேண்டியிருந்தவை இரண்டு: லொசான் தீர்ப்பாயம் தடையைக் குறைக்கிறதா, நீக்குகிறதா என்பது, தகுதியற்றவர்கள் ஆடிய ஆட்டங்களை ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் 0-3 தோல்வியாக மாற்றுகிறதா என்பது. இரண்டாவது நடந்தால் அந்த 4-0 அட்டவணையில் இருக்காது என்ற நிலை இருந்தது. 2025 மார்ச்சில் நேபாளத்தை 2-0 என்று வென்ற ஆட்டத்திலும் ஏழு பேரில் ஒருவரான ஹெக்டர் ஹெவல் ஆடியிருந்தார் என்பதால் அதுவும் போகும் அபாயம் இருந்தது.

யார் அந்தப் பத்திரங்களைத் தயாரித்தார், யார் கையெழுத்திட்டார் என்ற விசாரணை உள்நாட்டில் நடக்க வேண்டியது. அக்டோபரில் சங்கத்தின் பொதுச்செயலாளர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.