ஆற்றோரப் பூச்சிகளுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பில்லூர் அணையில் எத்தனை அடி தண்ணீர், பவானிசாகருக்கு எத்தனை கன அடி வரத்து என்பதெல்லாம் மேட்டுப்பாளையத்து டீக்கடைகளில் தினமும் அடிபடும் பேச்சு. அந்த அணைகள் நிற்கும் பவானி ஆற்றின் கரையில் நாணலிலும் கோரையிலும் நீர்மருதிலும் எத்தனை வகைப் பூச்சிகள் வாழ்கின்றன, பத்து வருஷத்துக்கு முன் இருந்தவை இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் ஒருவராலும் வாய் திறக்க முடியாது. இந்தக் கணக்கு இல்லாமல் ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆற்று நீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் பிடித்த நேரத்து நிலவரம் தெரியும். ராத்திரியில் கழிவு கலந்து, விடிவதற்குள் ஓடிப் போயிருந்தால் காலையில் பிடித்த பாட்டிலில் அது இருக்காது. பூச்சிகள் அப்படி ஏமாறுவதில்லை. மே பூச்சியின் இளம்புழு தண்ணீருக்குள் மாதக்கணக்கில் வளர்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாகிறவற்றில் அதுவும் ஒன்று. அது போன இடத்தில், சேற்றிலும் சாக்கடையிலும் வாழப் பழகிய சிவப்புப் புழுக்கள் பெருகும். எந்தப் பூச்சி இருக்கிறது, எது காணாமல் போனது என்பதை வைத்தே ஆற்றின் தரத்தைப் பல நாடுகளில் கணிக்கிறார்கள். 1990களில் சிறுமுகையில் ஆலைக் கழிவால் பவானி பட்ட பாட்டைக் கண்ட நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரிய வேண்டும்.

எண்ணுவது எப்படி? ஆற்றங்கரைப் பூச்சிகள் அத்தனையையும் யாராலும் எண்ண முடியாது. ஒரு மாதிரியைத்தான் எடுக்க முடியும். வெங்காயச் சந்தையில் மூட்டைக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது போலத்தான். ஆனால் எல்லா மூட்டையிலும் ஒரே மாதிரி அள்ள வேண்டும். நாணலுக்குள் நடந்தபடி துணிவலையை ஐம்பது முறை வீசினால், அடுத்த புதரிலும் ஐம்பதுதான் வீச வேண்டும். மரக்கிளைக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்துக் குச்சியால் தட்டினால் வண்டும் புழுவும் சிலந்தியும் விழும். மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தால், பூவென்று நினைத்துப் பொடிக் குளவிகளும் ஈக்களும் வரும். ராத்திரியில் வெள்ளைத் துணிக்கு முன் விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் கூடும். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் கண் உண்டு; ஒன்றுக்குப் படுவது மற்றதற்குப் படாது. அதனால்தான் பல முறைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். புதுப் புது வகைகள் வந்துகொண்டே இருந்தால் இன்னும் எண்ண வேண்டும். வந்ததே திரும்பத் திரும்ப வந்தால் ஓரளவு போதும் என்று நிறுத்தலாம்.

எந்தச் செடியில் பிடித்தோம் என்று எழுதி வைப்பதுதான் இதில் முக்கியம். கரையில் நிற்கும் ஓர் எருக்கஞ்செடியைப் பாருங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தின்னும். மஞ்சள் அசுவினி குருத்தில் மொய்க்கும். அந்த அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். இரண்டு அடி தள்ளி நிற்கும் நொச்சியில் வேறொரு கூட்டம் இருக்கும். டெர்ரி எர்வின் என்ற அமெரிக்க அறிஞர் பனாமா காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் மருந்துப் புகை விட்டு, விழுந்ததை எண்ணி, 1982இல் வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டினங்கள் அதில் இருந்தன. அதை வைத்து, வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி முதலான கணுக்காலி இனங்கள் மூன்று கோடி வரை இருக்கலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் அந்தத் தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும், ஒரு செடி போனால் அதை மட்டுமே நம்பியிருக்கும் பூச்சிகளும் போகும் என்ற பாடம் நிற்கிறது.

கொல்லாமலும் எண்ணலாம். தட்டானும் ஊசித்தட்டானும் தண்ணீருக்குள் வளர்ந்து, நாணல் தண்டில் ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறக்கின்றன. உரித்த கூடு தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பறக்கும் தட்டான் எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். கூடு இருந்தால் அது இதே தண்ணீரில் பிறந்து வளர்ந்தது என்று அடித்துச் சொல்லலாம். ராணுவ மருத்துவரான எஃப். சி. ஃபிரேசர் நீலகிரி, குடகு மலையோடைகளில் எல்லாம் தட்டான்களைத் தேடி, 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதியவை இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைநூல்.

"ஏனுங்க, இதையெல்லாம் எண்ணி என்னங்க ஆகப் போகுது?" என்று நெல்லித்துறைப் பக்கம் வாழைத்தோட்டத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மஞ்சள் தட்டில் விழும் பொடிக் குளவிகளில் பல, பயிர்ப் புழுக்களின் முட்டையிலும் உடலிலும் தம் முட்டையை வைத்து அவற்றை அழிப்பவை. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது அவை பிழைத்திருக்க, தேன் குடிக்க, கரைச் செடிகள்தான் புகலிடம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விட்டு நாணலை வழித்தெடுத்தால், தோட்டத்துக்குக் கூலியில்லாமல் காவல் இருந்தவர்களைத் துரத்துகிறோம். அவரிடம் இதைத்தான் சொன்னேன்.

விட்டுவிடாமல் எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகரம் சாட்சி. அங்குள்ள பூச்சி ஆர்வலர் சங்கத்தார், பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்கள், 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வகைக் கூடாரப் பொறியை வைத்துப் பறக்கும் பூச்சிகளை எடை போட்டு வந்தார்கள். 27 ஆண்டுக் கணக்கு 2017இல் வெளியானபோது, அந்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. யாரும் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த இழப்பு உலகுக்குத் தெரிந்தே இருக்காது.

நம்மிடம் என்ன குறை? மேட்டுப்பாளையத்திலேயே வனக் கல்லூரி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. நெல்லித்துறையில் ஓரிடம், ஊருக்குக் கீழே ஓரிடம், சிறுமுகையில் ஓரிடம் என்று வைத்துக்கொண்டு, கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, கல்லூரி மாணவர்கள் வழிகாட்ட, பள்ளிப் பிள்ளைகள் எண்ணட்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பில்லூரில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென்று ஏறும். நேரம் விசாரித்துக்கொண்டு, ஆசிரியர் துணையோடு, கரையில் நின்றே செய்ய வேண்டும். படம் எடுத்து, எழுதிக்கொண்டு, பிடித்ததைப் பறக்க விட்டுவிடலாம்.

தலைமையாசிரியர்களே, பேராசிரியர்களே, இந்த ஆண்டே தொடங்குங்கள். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை நகராட்சியும் ஊராட்சிகளும் கரையோர நாணலில் கை வைக்காமல் இருக்கட்டும்.