காக்கை உட்கார்ந்தது... பனம்பழம் விழுந்தது!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் செமஸ்டரில் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த ஆறாயிரம் ரூபாயை மூன்றே வாரத்தில் தொலைத்தேன். பிக்பாக்கெட் அடிக்கவில்லை. செல்போனில் பங்குச் சந்தை 'ஆப்ஷன்' வாங்கி விற்று நானே தொலைத்தேன்!

முதல் நான்கு நாளும் லாபம்தான். "மச்சி, மார்க்கெட் உனக்கு அத்துப்படிடா!" என்றார்கள் விடுதி நண்பர்கள். நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் முதல் இறங்குமுகம். அப்போது நான் சொன்னது என்ன தெரியுமா? "நேரம் சரியில்லடா!" லாபம் வந்தால் என் மூளை, நஷ்டம் வந்தால் கெட்ட நேரம். இது என்ன நியாயம்?

ஒரு கணக்குப் போடுவோம். மைதானத்தில் 1,024 பேரை நிறுத்திக் காசு சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தவர் வெளியே. சராசரியாக 512 பேர் மிஞ்சுவார்கள், அடுத்து 256... பத்தாவது சுற்றில் ஒருவர் நிற்பார். பத்து முறையும் தலை! அவரைத் தோளில் தூக்கி, "காசு சுண்டுவது எப்படி?" என்று பாடம் கேட்போமா? சந்தையில் அதைத்தான் செய்கிறோம். வெளியே போன 1,023 பேர் நம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு மயக்கம், "இத்தனை தரம் போச்சே, அடுத்தது வந்தே தீரும்" என்பது. 1913இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று பணத்தைக் கொட்டியவர்கள் மண்ணைக் கவ்வினார்கள். சக்கரத்துக்கு ஏது ஞாபகசக்தி?

நஷ்டத்தின் கணக்கும் நமக்குப் புரிவதில்லை. 10,000 ரூபாயில் பாதி போனால் 5,000. அது பழையபடி 10,000 ஆக 50 சதவீதம் லாபம் போதாது. 100 சதவீதம் வேண்டும்!

'செபி' அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்!

அப்படியானால் திறமை என்பதே பொய்யா? இல்லை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் அளவு சரியாக வந்துவிட்டால் டர்னர் ஆகிவிட்டோம் என்று சார் ஒப்புக்கொள்வாரா? இருபது ஜாப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்துப் பார்ப்பார். கெட்டுப்போனதும் கணக்கில் வரும். பண விஷயத்தில் மட்டும் அந்த வெர்னியரை ஏன் தூக்கிப் போட்டுவிடுகிறோம்? லாபத்தை மட்டும் செல்போனில் காட்டுகிறவரிடம், "ஒரு வருஷக் கணக்கு முழுசையும் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கணித வகுப்பில் நிகழ்தகவைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். நம் சட்டைப் பைக்காகவும் அதைப் படிக்க, ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "இன்னும் எட்டு மாசம் சீட்டு கட்டணும்டா" என்றார், அவ்வளவுதான். இப்போது ஞாயிறுதோறும் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். ஐந்து மாதத் தவணை கட்டியாயிற்று.

காக்கை உட்கார்ந்ததால் பனம்பழம் விழவில்லை நண்பர்களே! அது காக்கைக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குமா தெரியக்கூடாது?